சாய்ந்த கொம்பு

கதவு மூடிய சத்தம் பெரிதாக இல்லை. ஒரு காலத்தில் சூரை மீன் அடுக்கி வைத்த குளிர் அறையின் கதவு அது. ரப்பர் விளிம்பு சுவரோடு மெத்தென்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெளியே இரும்புத் தாழ் விழுந்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஓர்பா வாயிலிருந்த பாக்கை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தள்ளினாள்.

“பாச்சே, காத்துல அடிச்சுக்கிச்சா?”

தெமியானுஸ் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவசரப்படாமல் பதில் சொன்னார்.

“காத்துக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது, நோனா.” பியாக் தீவில் மூத்த ஆணைப் பாச்சே என்றும் இளம்பெண்ணை நோனா என்றும் கூப்பிடுவது வழக்கம்.

உள்பக்கம் பிடி இல்லை. பிடி இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. சுவர் முழுக்கத் தகரம். கதவு மூடியதும் கைப்பேசியில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் குறுக்கே ஒரு மரக் கொம்பு. ஒவ்வொரு கொம்பிலும், கொடியில் யாரோ மடித்துப் போட்டுவிட்டு மறந்துபோன ஈரத்துண்டு மாதிரி, ஒரு பச்சைப் பாம்பு.

ஓர்பாவுக்கு இந்தத் தீவில் பயப்படாதது நிறைய உண்டு. கடல், போலீஸ், சொந்த அத்தைகள். பயப்படுவது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று இப்போது அவளைச் சுற்றி நான்கு அடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

“விஷம் இல்லைன்னு சொன்னீங்கல்ல?”

“இல்லை. பல்லுதான் நீளம்.”

“அதைக் கேக்கவே இல்லையே நான்.”

கீழே துறைமுகத்தில் கப்பல் முதல் சங்கு ஊதியது. தகரச் சுவருக்குள் அது யாரோ வயிற்றுவலியில் முனகுவது போல வந்து சேர்ந்தது. கப்பல் மூன்று முறை ஊதும். மூன்றாவது ஊதும்போது ஏணிப்பலகையை இழுத்துவிடுவார்கள். அந்தக் கப்பலில் ஓபேத் கஃபியாரைக் கையில் விலங்கு மாட்டி, மாகாணத் தலைநகர் ஜெயபுராவுக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே போய்விட்டால் வழக்கு எப்போது வரும், அவன் எப்போது திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் மனைவி தோர்காஸ் காலையில் வந்து, படியேற முடியாத வயிற்றோடு படியேறி, ஊர் வழக்குகளைத் துப்புத் துலக்கும் தெமியானுஸின் மேசை முன்னால் நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

“அவரு திருடலை” என்றாள். அழவில்லை. “பாம்புக்காகப் பட்டினி கிடப்பாரு. திருட மாட்டாரு.”

திருடு போனதாகச் சொன்னது ஒரு பாம்பை. பெயர் இன்சோஸ். பியாக் பேச்சில் குமரி என்று பொருள். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, இன்சோஸ் மட்டும் நீலம். ஆழக்கடலின் நீலம். அதன் சொந்தக்காரர் கொர்னேலிஸ் சனாடி போன வருடம் அதை ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டி மேடையில் வைத்து, கோப்பையோடு திரும்பி வந்தவர். தேவாலயத்தில் முதல் வரிசைக்காரர். ஓபேத் அவருடைய பாம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன்.

முந்தாநாள் காலையில் இன்சோஸின் கூண்டு காலியாக இருந்தது. கொம்பும் இல்லை. போலீஸ்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த வகைப் பாம்பைக் கொம்பிலிருந்து பிரித்து எடுக்கக் கூடாது. இழுத்தால் முதுகெலும்பு போய்விடும். தூக்கவேண்டுமென்றால் கொம்போடுதான் தூக்குவார்கள். பாம்பு வளர்க்கிற யாருக்கும் இது கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. திருடன் கொம்போடு தூக்கியிருக்கிறான். சாவி ஓபேத்திடம் இருந்தது. முடிந்தது கதை. அன்று விடியற்காலையில், அவன் வேலைக்குக் கிளம்பும் முன்பே, வீட்டிலிருந்தே அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் இந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கொர்னேலிஸ் ஐயா இன்று மரியாதையாகத்தான் வரவேற்றார். முன்கூடத்தில் காப்பி, பிஸ்கட். அங்கே சுபக்யோ என்ற ஜாவாக்காரர் ஒருவரும் இருந்தார். அவரும் பாம்பு வளர்ப்பவர். நீலப் பாம்பைப் பார்க்கவே ஜகார்த்தாவிலிருந்து வந்தவர், இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கொர்னேலிஸ் இவர்கள் இருவரையும் இந்த அறைக்கு அழைத்து வந்து காலிக் கூண்டைக் காட்டினார். கைப்பேசி அடித்தது. “ஒரு நிமிஷம்” என்று வெளியே போனார்.

ஓர்பா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

ஒவ்வொரு கூண்டின் மேலும் ஓபேத் பெயர் எழுதி ஒட்டியிருந்தான். மரியா. பாஸ்டர். பாடகி. ஜெனரல். அவள் படித்துக்கொண்டே வந்து ஜெனரலிடம் நின்றாள்.

“பாச்சே, தோர்காஸ் அக்கா சொன்னாங்களே, போன வாரம் ஜெனரல் செத்துப்போச்சு, பப்பாளி மரத்தடியில பொதைச்சோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பாட்டுப் பாடிச்சுன்னு? அப்ப காலிக் கூண்டு ரெண்டு இருக்கணும்ல? இங்க ஒண்ணுதானே காலி? ஜெனரல் எந்திரிச்சு வந்துட்டாரா?”

சந்தைக்காரி மாதிரி சத்தமாகச் சொன்னாள். கதவு மூடியது அதற்கடுத்த மூச்சில்.

இப்போது அவள் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலே ஒரு கேமரா. வளர்ப்பவர்கள் வெளியில் இருக்கும்போதும் பாம்பைப் பார்த்துக்கொள்ள வைப்பது. பார்க்கும், கேட்கும், பேசும். அதன் சிவப்புப் புள்ளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என் வாயைத் தைச்சிருக்கணும்” என்றாள்.

“பாதகமில்லை. உன் வாயாலதான் இந்த அறையில ஏதோ இருக்குன்னு உறுதியாச்சு.”

கேமராவிலிருந்து கொர்னேலிஸின் குரல் வந்தது. காப்பிக் கோப்பை கீழே வைக்கும் சத்தமும் கூடவே.

“மன்னிக்கணும், தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணுது. சரி பண்ண ஆள் சொல்லியிருக்கேன்.”

“எப்ப வருவாரு, ஐயா?”

“கப்பல் போனதும்.”

“அதென்ன கப்பலுக்கும் தாழ்ப்பாளுக்கும் சம்பந்தம்?”

“வர்றவன் துறைமுகத்துல வேலை பார்க்கிறான், நோனா.” கொஞ்சம் இடைவெளி விட்டு, வருத்தப்படுகிற குரலில்: “விளக்கு ரொம்ப நேரம் எரிஞ்சா அதுங்களுக்கு ஆகாது. அணைச்சுடறேன்.”

இருட்டு வந்தது. அதோடு, அதுவரை காதில் விழாமலே ஓடிக்கொண்டிருந்த சூட்டு விசிறியும் நின்றது. ஒரு சத்தம் நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிகிறது. ஓர்பா தன் மூச்சையும் தெமியானுஸின் மூச்சையும் கேட்டாள். வேறு எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று காதை இறுக்கிக்கொண்டாள்.

கைப்பேசியின் வெளிச்சத்தைப் போட்டாள். போட்டிருக்க வேண்டாம். பகலெல்லாம் சுருண்டு உறங்கும் தலைகள் ஒவ்வொன்றாகச் சுருளிலிருந்து அவிழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இருட்டு என்றால் வேலைநேரம். ஒரு தலை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைகீழாகத் தொங்கி அவளையே பார்த்தது. இமை இல்லாத கண். நடுவில் கீறல் மாதிரி ஒரு கோடு.

“பாஸ்டர் முழிச்சுட்டாரு” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

தெமியானுஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் கப்பலில் பயணச்சீட்டு பார்த்தவர். கப்பலில் கற்றுக்கொண்டது இந்த உட்கார்தல்தான் என்று ஓர்பா நினைப்பதுண்டு. நான்கு பக்கமும் தண்ணீர், போக இடமில்லை, சேரும்வரை சும்மா இரு. அவள் பைக் டாக்சி ஓட்டிய நாளில் ஒரு முழுப் பகல் அவரை ஏற்றிக்கொண்டு சுற்றினாள். மொத்தமே நான்கு வார்த்தை பேசினார். மூன்றாவதும் நான்காவதும் “வேலைக்கு வர்றியா?” அன்றிலிருந்து இருவர் பேச்சையும் அவளே பேசிவருகிறாள்.

“பாச்சே, ஏதாவது பேசுங்க. கெட்ட வார்த்தையா இருந்தாலும் சரி.”

அவர் வாளியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் துப்பணும்.”

அவர் விரலை நீட்டினார். வெளிச்சத்தைத் திருப்பினாள். சுவரில் ஓபேத்தின் கையெழுத்தில் ஒரு அட்டை: இங்கே பாக்கு துப்பக் கூடாது.

“நாசமாப் போச்சு” என்று விழுங்காமலும் துப்பாமலும் நின்றாள். அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாள்காட்டி தொங்கியது. கொர்னேலிஸ் தானே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தது. முழுப்பக்கத்துக்கு இன்சோஸ், நீலமாக, கொம்பில் படுத்தபடி. ஓர்பா வீட்டுச் சமையலறையிலும் ஒன்று இருந்தது. அம்மா மாட்டியது. அவள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தவள்.

“நோனா.”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

“கொம்புங்களைப் பாரு. பாம்பைப் பாக்காத. கொம்பை மட்டும்.”

பாம்பைப் பார்க்காமல் கொம்பைப் பார்ப்பது கடலைப் பார்க்காமல் அலையைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் பார்த்தாள். அடுக்கடுக்காக வெளிச்சத்தை ஓட்டினாள். ஓபேத் சுத்தக்காரன். கூண்டுக்கு அளவெடுத்துக் கொய்யாக் கொம்பு வெட்டி, இடமிருந்து வலமாக நேராகப் பொருத்தியிருந்தான். ஏணியின் படிகள் போல எல்லாம் ஒரே நேர்.

ஒன்றைத் தவிர.

“ஜெனரலோடது சாஞ்சிருக்கு. இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு.”

“ஏன்?”

“ஏன்னா… கூண்டை விட கொம்பு நீளம். நேரா வெச்சா உள்ளே போகாது.” அவள் திரும்பி, காலியாகக் கிடந்த இன்சோஸின் கூண்டைப் பார்த்தாள். அது மற்றதைவிட அகலமான கூண்டு. ராணிக்குக் கொடுத்த அறை. “இது அந்தக் கூண்டுக் கொம்பு!”

“மெதுவா.”

அவர் எழுந்து வந்து அவள் காதுக்கருகில் நின்றார். கேமராவுக்கு முதுகு காட்டிக்கொண்டார். இவ்வளவு நெருக்கத்தில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. பேச்சே மூச்சளவுதான் இருந்தது.

“கொம்போட தூக்கத் தெரிஞ்சவன் திருடன்னு போலீஸ் சொன்னது சரி. இந்த வீட்டுல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு, ஐயாவும் ஓபேத்தும்ங்கிறதை மறந்துட்டாங்க.”

“ஆனா இது பச்சை, பாச்சே! இன்சோஸ் நீலம்ல?” அவளும் கிசுகிசுத்தாள்.

“நாள்காட்டியை எடு.”

எடுத்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். வெளிச்சம் அசைந்ததில் படத்துப் பாம்பு உயிருள்ளது மாதிரி நெளிந்தது.

“முதுகுத் தண்டுல வெள்ளைச் செதில் இருக்கு, பாத்தியா? படத்துல சொல்லு.”

“மூணு வெள்ளை ஒட்டி ஒட்டி. அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் கோணலா ரெண்டு.”

“கூண்டுல?”

ஓர்பா பார்த்தாள். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் வரை போய்ப் பார்த்தாள், எதைப் பார்க்கிறோம் என்பதையே மறந்து. மூன்று வெள்ளை ஒட்டி ஒட்டி. ஓர் இடைவெளி. கோணலாக இரண்டு. பச்சை உடம்பில், வால் பக்கம் மட்டும், கழுவியும் போகாத மைக்கறை மாதிரி கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. பக்கவாட்டுத் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது, அரிசியைக் கொட்டிவிட்டு மடித்த சாக்கு போல.

“அப்ப திருட்டே நடக்கலையா?”

“நடந்துச்சு. நீலம் மட்டும் களவு போச்சு. பாம்பு இங்கேயேதான் இருக்கு.”

“நீலத்தை எடுத்தது யாரு?”

“முட்டை.”

அவள் அவர் முகத்தில் வெளிச்சத்தை அடித்தாள். கண் கூசியதே தவிர கேலி எதுவும் இல்லை.

“காப்பி குடிக்கறப்ப சுபக்யோ சொன்னாரு. நீ பிஸ்கட்டோட இருந்த. இந்த இனத்துல சில பொட்டை, வயித்துல முட்டை பிடிச்சா நீலமாயிடும். ஆண் துணை இல்லாமலே வெறும் முட்டை பிடிக்கறதும் உண்டு. போட்டு முடிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா பழையபடி பச்சை. போன வருஷம் மேடையிலயே எந்திரிச்சு இதைச் சொன்னாராம். கொர்னேலிஸ் மைக்கைப் பிடுங்கி, இது ரத்தத்துல ஊறின நீலம், எந்தக் காலத்துலயும் மாறாது, மாறினா என் தாடியை எடுத்துட்டு உன் கால்ல விழறேன், வந்து பாருன்னாராம்.”

“இவரு நிஜமாவே பாக்க வந்துட்டாரு.”

“ம்.”

தோர்காஸ் காலையில் சொன்ன இன்னொன்றும் இப்போது ஓர்பாவின் மண்டைக்குள் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. பல வாரமாக இன்சோஸின் கூண்டுக்குக் கறுப்புத் துணி. தோலுரிக்கிறாள், தொந்தரவு பண்ணாதே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஐயா சொல்லிவிட்டார். ஓபேத்தையே கிட்டே விடவில்லை. துணிக்குப் பின்னால் ஒரு பாம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் தினமும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். அவளுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. தோர்காஸின் வயிறு ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

இரண்டாவது சங்கு ஊதியது.

ஓர்பா கதவை ஓங்கி உதைத்தாள். கதவு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கால்தான் வலித்தது. “கண்டுபிடிச்சு என்ன பிரயோசனம், பாச்சே? சொல்றதுக்கு ஆள் வேணும்ல? இங்க இருக்கறது எல்லாம் காதில்லாத ஜாதி!”

தெமியானுஸ் கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்டிராத உரத்த குரலில் பேசினார்.

“ஐயா, கேக்குதா? கதவைத் திறக்கலைன்னா பாம்பை எல்லாம் ஒண்ணொண்ணா வெளியே இழுத்துப் போடப் போறோம்.”

சிரிப்பு வந்தது. “செய்ங்க. கடிச்சா தையல் போடணும். அதுக்கும் கப்பல் போனப்புறம்தான் ஆள் வரும்.”

தெமியானுஸ் பாஸ்டரின் கூண்டுக் கதவை நகர்த்தினார். கையை உள்ளே கொண்டுபோனார். கேமராவிலிருந்து பதற்றம் இல்லை. “அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், பாச்சே. உங்க கைக்குத்தான் ஆபத்து” என்று மட்டும் வந்தது. அவர் கூண்டை மூடினார்.

“நோனா, நீ ஜெனரலை எடு.”

“யாரு?”

“நீதான்.”

“பாச்சே, நான் ஜெனரலை எடுக்கணும்னா மொதல்ல என்னை யாராவது எடுத்து நிறுத்தணும்.”

அவர் அவள் பக்கம் குனிந்து, மறுபடி மூச்சளவு குரலில் சொன்னார். “இழுக்காத. தொடக்கூட வேணாம். கையை உள்ளே வை, போதும். நான் செஞ்சா நம்ப மாட்டாரு. நான் நிதானமானவன்னு ஊருக்கே தெரியும். உன்னைப் பத்தியும் ஊருக்குத் தெரியும்.”

இதைவிட அவமானமான பாராட்டு அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

கூண்டுக் கதவை நகர்த்தினாள். ஈர இலையின் மணம் வந்தது. சாய்ந்த கொம்பில் பச்சைச் சுருள் அசையாமல் இருந்தது. தலை மட்டும் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. ஓர்பா கண்ணை மூடிக்கொண்டு, தோர்காஸின் வயிற்றை நினைத்துக்கொண்டு, வலது கையை உள்ளே நீட்டினாள்.

“நோனா!” கேமராக் குரல் மாறிவிட்டிருந்தது. “அது வேண்டாம். அது… அது புதுசு. கோபக்காரி.”

“புதுசா?” என்றார் தெமியானுஸ். “மேல ஜெனரல்னு எழுதியிருக்கு. ஜெனரல் செத்துப்போச்சு, பொதைச்சாச்சு. செத்ததுக்கு வலிக்குமா, ஐயா? நோனா, வாலைப் பிடிச்சு நல்லா இழு.”

“இழுக்காதே!” அது அலறல். “முதுகெலும்பு… கொம்போட எடு, கொம்போட! ஐயோ, அவ ஏற்கெனவே ஒடஞ்சு போயிருக்கா!”

ஏதோ கண்ணாடி உடைந்தது. பிறகு குரல் இல்லை, ஓடும் காலடிகள் மட்டும். தாழ் தூக்கப்பட்டது. வெளிச்சம் ஒரு சுவர் மாதிரி உள்ளே விழுந்தது.

கொர்னேலிஸ் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் காப்பி. மூச்சு வாங்க, அவர் கண் தெமியானுஸைப் பார்க்கவில்லை, ஓர்பாவையும் பார்க்கவில்லை, ஜெனரலின் கூண்டை மட்டும் பார்த்தது. அவருக்குப் பின்னால், கோப்பை உடைந்த சத்தம் கேட்டு முன்கூடத்திலிருந்து எழுந்து வந்த சுபக்யோ, பாதி குடித்த கோப்பையோடு நின்றார்.

சுபக்யோ கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். சாய்ந்த கொம்பைப் பார்த்தார். பாம்பின் மடிந்த தோலைப் பார்த்தார். நாள்காட்டியை அவர் பார்க்கவேயில்லை. தேவைப்படவில்லை.

“முட்டை போட்டிருக்கா” என்றார் மெதுவாக. அதில் ஜெயித்தவனின் குரல் இல்லை. “எப்ப, கொர்னேலிஸ்?”

கொர்னேலிஸ் தாடியைத் தடவினார். தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது.

“மழைக்கு முன்னாடி. எல்லாம் கெட்ட முட்டை” என்றார். “உங்களுக்குக் கடிதாசு போட்டு வரச்சொல்லிட்டேன். தினமும் பாப்பேன். இன்னிக்காவது நிக்கும்னு. நிக்கல. பச்சையா அவளை யாரும் பாத்துரக் கூடாதுன்னு நெனச்சேன். வேற எதுவும் நெனக்கல.”

“ஓபேத்?” என்றார் தெமியானுஸ்.

கொர்னேலிஸ் கூண்டைப் பார்த்தபடி சொன்னார். “அவன் பாத்திருந்தா சொல்லிருப்பான். அவனுக்குப் பொய் வராது.”

“துறைமுகத்துல வந்து இதைச் சொல்றீங்க” என்றார் தெமியானுஸ். கேள்வி இல்லை. கொர்னேலிஸ் தலையசைத்தார்.

“பாச்சே” என்றாள் ஓர்பா.

அவள் இன்னும் கையை வெளியே எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. சூட்டு விசிறி நின்று குளிர்ந்துபோன அறையில், அந்தக் கூண்டுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது அவளுடைய கை ஒன்றுதான். பச்சைத் தலை ஒன்று மணிக்கட்டில் ஏறி, முழங்கையைச் சுற்றி, மிச்ச உடம்பையும் அவசரமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்த கொம்பு காலியாகிக்கொண்டே வந்தது.

“யாராவது,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “யாராவது இதைக் கழட்டி விடுங்க.”

மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில், ஒரே பதற்றத்தோடு சொன்னார்கள்:

“இழுக்கக் கூடாது!”

அப்படித்தான் அவள் மலையிறங்கினாள். தெமியானுஸ் பைக்கை ஓட்ட, பின்னால் வலது கையைச் சிலுவையில் அறைந்தது மாதிரி நீட்டிக்கொண்டு ஓர்பா. வெயில் பட்டதும் இன்சோஸ் இன்னும் இறுக்கிக்கொண்டாள். சந்தையில் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். புகைமீன் விற்கிற அவள் அத்தை அவளைப் பார்த்துக் கூடையைக் கீழே போட்டாள். பின்னால் சுபக்யோவின் வாடகைக் காரில் கொர்னேலிஸ் குனிந்த தலையோடு வந்தார்.

ஏணிப்பலகையின் பாதியில் இருந்தான் ஓபேத். இரண்டு பக்கமும் போலீஸ். அவன் கரையைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தான். கீழே தோர்காஸ் நின்றிருந்தாள், கூப்பிடாமல்.

“ஓபேத்!” என்று ஓர்பா அலறினாள். அந்த ஒரு அலறலில் அந்த அறையில் அடக்கிவைத்த எல்லாம் இருந்தது.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான், கையைப் பார்த்தான். மற்ற எல்லோரும் ஒரு பச்சைப் பாம்பைப் பார்த்தார்கள். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இன்சோஸ்! எப்படி மெலிஞ்சு போயிட்டா!” விலங்கு மாட்டிய கைகளோடு இரண்டு படி இறங்கிவிட்டான். போலீஸ்காரர் பிடிக்க மறந்தார். “முட்டை போட்டுட்டாளா, ஐயா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. தண்ணி குடிச்சாளா?”

கொர்னேலிஸ் சார்ஜென்ட்டின் முன்னால் போய் நின்று, மேடையில் மைக்கைப் பிடுங்கிய அதே மனிதர், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சார்ஜென்ட் நடுவில் ஒருமுறை, “இருங்க, பாம்பு திருடே போகலையா?” என்றார். ஒருமுறை, “நிறம் மாறுச்சுங்கறதுக்கு நான் என்ன வழக்கு எழுதறது?” என்றார். கடைசியில் சாவியை எடுத்து ஓபேத்தின் கையை நோக்கிப் போனார். பொய்ப்புகார் கொடுத்தவரைத் தன் வண்டியில் உட்காரச் சொன்னார்.

மூன்றாவது சங்கு ஊதியது. பலகையை இழுத்தார்கள். கப்பல், ஓபேத் இல்லாமல், நகர்ந்தது. தோர்காஸ் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவன் அவளை எழுப்பி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஓர்பாவிடம் வந்தான். குனிந்து சுருளைப் பார்த்தான். தலை சுருளின் நடுவில் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

“நன்றியெல்லாம் அப்புறம்” என்றாள் ஓர்பா. “மொதல்ல இதை எறக்கு.”

“எறக்கக் கூடாது, அக்கா. அவளாத்தான் எறங்கணும்.”

“எப்ப எறங்குவா?”

“ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குறா போல. பாதியில எழுப்பினா பாவம்.” அவன் நிஜமாகவே யோசித்தான். “பொழுது சாயட்டும். கொய்யாக் கொம்பு ஒண்ணு வெட்டிக் கிட்ட வெச்சுப் பாக்கலாம். பிடிச்சிருந்தா மாறிப்பா.”

“பிடிக்கலைன்னா?”

அவன் தோர்காஸைப் பார்த்தான். தோர்காஸ் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

ஓர்பா தெமியானுஸைத் தேடினாள். அவர் கப்பல் கயிறு கட்டும் இரும்புக் கட்டை ஒன்றில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாச்சே! ஓபேத்தை விட்டுட்டாங்க. என்னை யாரு விடுறது?”

அவர் தோள்கள் குலுங்கின. அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

அவள் கையை நீட்டியபடி, மதியத்திலிருந்து கன்னத்தில் அடக்கிவைத்திருந்த பாக்கைத் துப்ப ஓர் இடம் தேடித் திரும்பினாள். எதிரே துறைமுகச் சுவரில், ஆள் உயர எழுத்தில், இங்கே பாக்கு துப்பக் கூடாது என்று எழுதியிருந்தது.